தோமையார் உறங்கும் இன்னோர் ஊர்

பகல் ஒரு மணி தாண்டினால் ஒர்த்தோனாவில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கிவிடும். சாப்பாடு, அதன்பின் உறக்கம். வெயில் தாழ்ந்த பிறகுதான் ஊர் மறுபடியும் தெருவுக்கு வரும். இத்தாலியின் கிழக்குக் கரையில், அப்ருத்ஸோ மாநிலத்தில், அத்ரியாட்டிக் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது இந்த ஊர். மக்கள்தொகை இருபதாயிரத்துக்குச் சற்று மேல். ரோமுக்கும் வெனிஸுக்கும் வருகிற கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. வருகிற சிலர் இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். கடலுக்கு மேலாக ஓடும் நடைபாதையில் காலார நடப்பார்கள். நிலச்சரிவில் ஒரு பகுதியை இழந்துவிட்ட அரகோன் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள். கரையோரம் மரக்கால்களில் நிற்கும் ‘த்ரபோக்கோ’ என்ற பழைய மீன்பிடி மேடைகளைப் படம் எடுத்துக்கொள்வார்கள். மீன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள்.

சென்னையிலிருந்து போகிற ஒருவரால் அவ்வளவு எளிதாகக் கிளம்பிவிட முடியாது. ஊரின் நடுவே உள்ள பேராலயத்தின் பெயர் புனித தோமையார் பேராலயம். அதன் நிலவறையில், பீடத்துக்குள், பொன்முலாம் பூசிய செப்புப் பேழை ஒன்று இருக்கிறது. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமாவின் எலும்புகள் அதில் இருப்பதாக ஒர்த்தோனா 760 ஆண்டுகளுக்கும் மேலாக நம்பி வருகிறது. மயிலாப்பூர்க் கடற்கரையில் சாந்தோம் பேராலயத்தின் அடியிலும் அதே தோமாவின் கல்லறைதான் இருக்கிறது. சின்னமலையில் ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டார், மயிலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது சென்னையின் தெருப்பெயர்களுக்குள்ளேயே ஊறிப்போன கதை. ஒரே மனிதருக்கு இரண்டு கல்லறை எப்படி?

மரபு சொல்லும் விடை சிக்கலற்றது. கி.பி. 72-ல் தோமா மயிலையில் இறந்தார். 3ஆம் நூற்றாண்டில் அவர் எலும்புகள் இந்தியாவிலிருந்து எதெசாவுக்குப் போயின. இன்றைய துருக்கியின் உர்ஃபா நகரம்தான் அது. சிரியக் கிறிஸ்தவத்தின் தாய்வீடு. 4ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த கவிஞர் எஃப்ரேம், இந்தியாவிலிருந்து ஒரு வணிகர் கொண்டுவந்த எலும்புகளைப் பற்றிப் பாடியிருக்கிறார். எகேரியா என்ற பெண் திருப்பயணி 384-ல் எதெசாவுக்குப் போய் தோமாவின் நினைவிடத்தில் செபித்ததைத் தம் பயணக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1144-ல் எதெசா வீழ்ந்தது. எலும்புகள் ஏகியன் கடலில் உள்ள கியோஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன என்கிறது மரபு. அங்கிருந்து ஒர்த்தோனா. எதெசாவரை கைக்கு எட்டும் எழுத்துச் சான்று உண்டு; எதெசாவுக்கும் கியோஸுக்கும் இடைப்பட்ட கண்ணி மிக மெல்லியது. நம்புகிறவர் இதை மறைக்க வேண்டியதில்லை. மறைக்காமல் சொன்னால்தான் அடுத்த கேள்விக்குப் போக முடியும்.

1258ஆம் ஆண்டு. கிழக்கு மத்தியதரைக் கடலில் வெனிஸும் ஜெனோவாவும் மோதிக்கொண்டிருந்தன. சிசிலியை ஆண்ட மன்ஃபிரெதின் கடற்படையில் ஒர்த்தோனாவின் மூன்று கப்பல்கள் இருந்தன; அவற்றின் தலைவர் லியோனே அச்சியாயுவோலி. கியோஸ் தீவில் இறங்கிய இவரும் இவர் ஆட்களும் அங்கிருந்த தேவாலயத்திலிருந்து எலும்புகளை எடுத்தார்கள். கல்லறையை மூடியிருந்த கல்லையும் விடவில்லை. அதில் ஒரு மனிதரின் மார்பளவு உருவமும் கிரேக்க எழுத்தில் தோமாவின் பெயரும் செதுக்கப்பட்டிருக்கின்றன. செப்டம்பர் 6 அன்று கப்பல்கள் ஊர் திரும்பின. மறு ஆண்டே, 1259-ல், பாரி நகரில் நீதிபதி முன்னிலையில் சாட்சிகளின் வாக்குமூலத்தோடு ஒரு தோல் ஆவணம் எழுதப்பட்டது. கொண்டுவந்தது தோமாவின் உடல்தான் என்று உறுதிப்படுத்துவது அதன் நோக்கம்.

அந்த ஆவணத்தில் கியோஸ் மக்களின் குரல் இல்லை. தங்கள் பீடத்துக்கு அடியிலிருந்து ஒரு புனிதரைத் தூக்கிக்கொண்டு போகிற படகுகளைப் பார்த்து நின்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்டு எழுதவில்லை.

இது ஒர்த்தோனாவின் தனிப்பாவம் இல்லை. இத்தாலியின் கரையோர ஊர்களை வரைபடத்தில் தொட்டுக்கொண்டே போனால் இப்படிக் கப்பலேறி வந்த புனிதர்கள் வரிசையாக நிற்பார்கள். வெனிஸுக்கு மாற்கு 828-ல் அலெக்ஸாந்திரியாவிலிருந்து வந்தார். பாரியின் மாலுமிகள் 1087-ல் மீரா நகரிலிருந்து நிக்கோலாவைக் கொண்டுவந்தார்கள். கான்ஸ்தாந்திநோபிளை மேற்கத்தியப் படைகள் சூறையாடிய சில ஆண்டுகளில், 1208-ல், அந்திரேயா அமால்ஃபிக்கு வந்து சேர்ந்தார். இந்தச் செயல்களுக்கெல்லாம் அந்தக் காலம் ஒரு நியாயம் வைத்திருந்தது. புனிதர் உயிரோடிருப்பவர், ஆற்றல் உள்ளவர். போக விருப்பமில்லையென்றால் அவரை யாராலும் அசைக்க முடியாது. ஆகவே எடுத்துக்கொண்டு பத்திரமாகக் கரை சேர்ந்தாலே அவர் சம்மதித்தார் என்று பொருள். வென்றவனுக்கு இதைவிட வசதியான இறையியல் கிடைக்காது. புனிதரின் சம்மதத்தை எப்போதும் எடுத்துப் போனவர்கள்தான் கேட்டிருக்கிறார்கள். இழந்தவர்களின் காதில் அது விழுந்ததே இல்லை. களவு களவுதான். அந்தக் களவுக்குப் பின் நூற்றாண்டுகளாக நீளும் அன்பும் அன்புதான். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழித்துவிட முடியாது என்பதுதான் ஒர்த்தோனாவின் நிலவறை முன் நிற்கிற எவரையும் தொந்தரவு செய்ய வேண்டிய விஷயம்.

சரி, அந்த அன்பு எதன்மேல்? ஒரு கைப்பிடி எலும்பின்மேலா? கடவுள் எங்கும் இருக்கிறார் என்று சொல்லும் ஒரு சமயம், ஒரு பெட்டிக்காக இத்தனை தூரம் ஏன் நடக்கிறது?

இந்தக் கேள்வி கிறிஸ்தவத்துக்கு உள்ளேயே மிகப் பழையது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல் நாட்டுக் குரு விஜிலான்சியுஸ், துணியில் சுற்றிய தூசிக்கு முத்தம் கொடுப்பது என்ன பக்தி என்று கேட்டார். எரோணிமுஸ் 406-ல் அவருக்கு எழுதிய மறுப்பு நூலில் கோபம் கொப்பளிக்கிறது. அதன் சாரம்: தூசியை நாங்கள் வணங்கவில்லை, யாருக்காக இந்த உடல் துன்பப்பட்டதோ அவரை வணங்குகிறோம். சைரஸ் நகர ஆயர் தியோதோரெட் இன்னொரு கோணத்தில் போனார். உடல் துண்டு துண்டாகப் பிரிந்தாலும் அதிலிருக்கும் அருள் பிரிவதில்லை என்றார். 787-ல் நடந்த இரண்டாம் நீசேயப் பொதுச்சங்கம், திருப்பண்டம் இல்லாமல் ஆலயத்தை அருச்சிக்கக் கூடாது என்றே விதித்தது.

எதிர்ப்பக்கத்தில் மிகக் கூர்மையான வாதம் 1543-ல் ஜான் கால்வின் வைத்தது. ஐரோப்பாவில் காட்டப்படும் திருப்பண்டங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், திருத்தூதர் ஒவ்வொருவருக்கும் நான்கு உடலுக்குமேல் தேறும் என்று அவர் எழுதினார். எண்ணிக்கையை வைத்து நம்பிக்கையை வெட்கப்படச் செய்கிற இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. போலி எலும்பு விற்றவர்களும் அதில் கொழுத்தவர்களும் இருந்தார்கள். கால்வின் வெறும் வாதக்காரரும் அல்லர். 1564-ல் இறந்தபோது தம் கல்லறைக்கு அடையாளமே வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்படியே அடக்கம் செய்தார்கள். சொன்னதைத் தம் உடல்மேலேயே நடத்திக் காட்டியவர். அவரிடம் மரியாதையோடுதான் மாறுபட வேண்டும்.

மாறுபடுவதற்கான இடத்தைத் தோமாவே தருகிறார். யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசுவை மற்றச் சீடர்கள் பார்த்துவிட்டார்கள்; இவர் அப்போது இல்லை. ஆணி பாய்ந்த தழும்பில் விரல் இட்டுப் பார்த்தாலொழிய நம்ப மாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்து இயேசு வந்து, முதலில் கையை நீட்டு என்கிறார். காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது. தோமா உண்மையில் தொட்டாரா என்று நற்செய்தி சொல்லவில்லை. காயத்துக்குள் விரல் புகுவதைக் காட்டியது கரவாஜோவின் தூரிகை. நூலில் அது இல்லை. நூலில் இருப்பது ஒரு மனிதர் கேட்டதும், அவர் கேட்டது மறுக்கப்படாததும்தான்.

இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. மரணத்தை வென்றதாகச் சொல்லப்படும் உடலில் காயம் ஆறாமல் இருக்கிறது. சந்தேகப்படுகிறவருக்கு அந்தக் காயமே நீட்டப்படுகிறது. உடலை உதறிவிட்டு ஆன்மா மட்டும் பறந்துபோவதே மீட்பு என்று இந்தச் சமயம் சொல்லியிருந்தால், காயத்துக்கு வேலையே இல்லை. மனிதர் என்றால் அவர் உடலும் சேர்ந்துதான் என்று பிடிவாதமாக நம்பியதால்தான், இறந்தவரின் எலும்பை அது குப்பையாகப் பார்க்க மறுத்தது. தொட வேண்டும் என்று கேட்டவரின் எலும்பைத் தொடுவதற்கே மக்கள் வருகிறார்கள். காணாமல் நம்பு என்ற சொல்லும் அதே அதிகாரத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இழுபறியைத் தீர்த்துவிட்டதாகச் சொல்லும் எந்த இறையியலும் ஏதோ ஒரு பக்கத்தை மறந்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

1980-களில் பேழையைத் திறந்து அறிவியலாளர்கள் எலும்புகளை ஆராய்ந்தார்கள். ஓர் ஆண். வயது ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில். உயரம் ஏறக்குறைய 160 சென்டிமீட்டர், மெல்லிய உடல்வாகு. மூட்டுவாத நோயின் அடையாளம் உண்டு. கன்ன எலும்பில் வெட்டுப்பட்ட முறிவு. ஆய்வுக்கூடத்தால் இவ்வளவுதான் சொல்ல முடியும். பெயரை அது சொல்லாது. ஆனால் இந்தச் சில வரிகளைப் படிக்கிறபோது, பொன்பேழைக்குள் இருப்பவர் சட்டென்று ஒரு மனிதராகிவிடுகிறார். வயதான, சிறுத்த உருவமுள்ள, மூட்டு வலித்த, முகத்தில் அடிவாங்கிய ஒருவர். அவர் தோமாதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும், அவரைக் கைவிடக் கூடாது என்று ஓர் ஊர் முடிவு செய்திருக்கிறது.

அந்த முடிவு எளிதில் காப்பாற்றப்பட்டது அல்ல. 1566-ல் ஒட்டோமான் கடற்படை ஊரைச் சூறையாடி ஆலயத்துக்குத் தீ வைத்தது, எலும்புகள் தப்பின. இரண்டாம் உலகப் போரில், 1943 டிசம்பரில் வந்தது அதைவிடக் கொடுமை. ஜெர்மானியப் பாராசூட் படையினர் ஊருக்குள் கண்ணிவெடி வைத்துக் காத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து ஊரைப் பிடிக்க வந்த கனடியர்கள், தெருவில் இறங்கினால் சாவு என்பதால், வீட்டுக்கு வீடு நடுச்சுவரை உடைத்து உள்வழியாகவே முன்னேறினார்கள். டிசம்பர் 20 முதல் 28 வரை அந்தச் சண்டை நடந்தது. பின்வாங்குமுன் ஜெர்மானியர்கள் பேராலயத்தைத் தகர்த்ததில் பாதிக் கட்டடம் சரிந்தது. ஊர் மக்களில் இறந்தவர்கள் 1,300 பேர் அளவில். கிறிஸ்துமஸ் அன்று, சில தெருக்கள் தள்ளித் துப்பாக்கி ஓயாமல் முழங்க, சாந்த்தா மரியா தி கோஸ்தாந்தினோப்போலி ஆலயத்துக்குள் மேசை விரித்துக் கனடிய வீரர்களுக்கு முறைவைத்து விருந்து பரிமாறினார்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போனவர்களில் பலர் அதன்பின் சாப்பிடவில்லை.

சண்டைக்கு முன்பே குருக்கள் எலும்புகளையும் தோமாவின் வெள்ளி மார்புருவத்தையும் ஒளித்துவைத்துவிட்டார்கள். உயிருள்ளவர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது செத்தவருக்கு இவ்வளவு கவலையா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க உரிமையும் உண்டு. அவருக்குப் பதில் தேடினால் அகுஸ்தினாரிடம்தான் போக வேண்டும். இறந்தோருக்கு நாம் செய்ய வேண்டிய பராமரிப்பு பற்றி அவர் ஒரு சிறு நூலே எழுதியிருக்கிறார். அடக்கச் சடங்கும் கல்லறையும் உயிரோடிருப்பவர்களின் ஆறுதலுக்குத்தான், இறந்தவருக்கு அவற்றால் பெரிய உதவி இல்லை என்பது அவர் கட்சி. ஆனாலும் உடலை அலட்சியப்படுத்தாதீர்கள் என்றும் அவரே சொல்கிறார். தந்தையின் ஆடையும் மோதிரமும் பிள்ளைக்கு அருமை என்றால், அணிந்த எதையும்விட நெருக்கமான உடல் எவ்வளவு அருமை என்பது அவர் வாதம். ஊரே இடிந்து கிடந்த ஓர் ஆண்டில், எதை மறுபடியும் கட்டுவது என்பதற்கு ஒரு தொடக்கப்புள்ளியாவது மிச்சமிருந்ததே, அது அந்த ஒளித்துவைத்தலால்தான். 1949-ல் பேராலயம் மீண்டும் திறந்தது.

ஊருக்குத் தெற்கே மோரோ ஆற்றின் பக்கமாக, கடலைப் பார்த்த மேட்டில், போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1,615 கல்லறைகள், அவற்றில் 1,375 கனடியருடையவை. இன்னும் தெற்கே சாங்ரோ ஆற்றை நோக்கிப் போனால் மற்றொரு தோட்டம். அங்கே கல்லறைகளோடு ஒரு நினைவுச்சின்னமும் உண்டு. இந்தப் பகுதியில் போரிட்ட இந்தியப் படையினரில், தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. கனடியர்களுக்குப் பக்கவாட்டில் போரிட்ட எட்டாவது இந்திய டிவிஷனில் பஞ்சாபிகளும் மராட்டியரும் கூர்க்காக்களும் இருந்தார்கள். வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அத்ரியாட்டிக் சேற்றில் செத்து, அங்கேயே நெருப்புக்குக் கொடுக்கப்பட்டவர்கள். அவர்கள் விட்டுப்போனது எலும்பு இல்லை, பெயர் மட்டும்.

எலும்பைக் காப்பதுதான் மனிதரை மதிக்கும் வழி என்று ஒர்த்தோனா சொல்வதாக எடுத்துக்கொண்டால், சில மைல் தூரத்திலேயே சாங்ரோ அதை மறுக்கிறது. நெருப்பில் முடிந்த உடலுக்கும் அதே பகுதியில், அதே நிலத்தில், குறைவில்லாத மரியாதை நிற்கிறது. பௌதிகமான எச்சம் இல்லாமலும் ஒருவரை மறக்காதிருக்க முடியும். அப்படியானால் பேழை எதற்கு?

இதற்கு மிக அழகான பதில் கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே, அதுவும் தோமாவைப் பற்றிய மிகப் பழைய கதையிலேயே இருக்கிறது. 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த ‘தோமாவின் பணிகள்’ நூலின் முடிவில் வருகிறது அது. தோமாவைக் கொல்லச் சொன்ன மன்னன் மஸ்தாய். பல காலம் கழித்து அவன் மகனைத் தீய ஆவி பிடிக்கிறது. தோமாவின் எலும்பு ஒன்றை எடுத்து மகன்மேல் கட்டினால் குணமாகும் என்று கல்லறையைத் திறக்கிறான். எலும்பு இல்லை. சகோதரர் ஒருவர் முன்பே எடுத்துக்கொண்டு மேற்கே போய்விட்டார். மன்னன் எலும்பு கிடந்த இடத்து மண்ணை அள்ளி மகன்மேல் இடுகிறான். மகன் பிழைக்கிறான்.

காலியான கல்லறையின் மண்ணுக்கும் அதே ஆற்றல் என்கிறது கதை. இன்னும் வியப்பு, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒர்த்தோனாவுக்கு எலும்புகள் வந்து ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவின் நூலும் மண்ணைப் பற்றித்தான் பேசுகிறது. தோமா கொல்லப்பட்ட இடத்துச் செம்மண்ணைத் திருப்பயணிகள் எடுத்துப்போய்க் காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுக்கிறார்கள், கிறிஸ்தவரோடு முஸ்லிம்களும் அவரைப் போற்றுகிறார்கள் என்கிறது அது. தோமாவின் உடல் அங்கேதான் இருக்கிறது என்றும் போலோவின் நூல் சொல்கிறது. 1523-ல் போர்த்துக்கீசியர் மயிலைக் கல்லறையைத் தோண்டியபோது அவர்களும் எலும்புகளைக் கண்டதாகவே பதிவு செய்தார்கள். ஒர்த்தோனாவின் கணக்குப்படி எதுவும் இருக்கக் கூடாத கல்லறை. மயிலையின் கணக்குப்படி அது ஒருபோதும் வெறுமையாக இருந்ததில்லை.

இரு கணக்கும் ஒன்றையொன்று பொய்யாக்க வேண்டிய கட்டாயம், எலும்பை உடைமையாகப் பார்க்கிறபோதுதான் வருகிறது. யாருடையது என்ற கேள்வி லியோனேயின் கேள்வி, கப்பல்தலைவனின் கேள்வி. நிலவறையில் மண்டியிடுகிற பாட்டி அதைக் கேட்பதில்லை. அவளுக்கு வேண்டியது, போய் நின்று பேச ஓர் இடம். அருவமான கடவுளிடம் எப்போதும் எங்கிருந்தும் பேசலாம் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் படியிறங்கி வருகிறாள். துயரம் உடலோடு வருகிறது. அதனால் உடலோடு வாழ்ந்த ஒருவரின் பக்கத்தில் போய் அதை இறக்கிவைக்க அவளுக்குத் தோன்றுகிறது.

மே மாதத்து முதல் ஞாயிறையொட்டி ஒர்த்தோனாவில் ‘பெர்தோனோ’ நடக்கும், பாவமன்னிப்புப் பெருவிழா. தோமாவின் வெள்ளி மார்புருவம் இருக்கும் சிற்றாலயத்தின் கம்பிக்கதவைத் திறக்க வெள்ளிச் சாவிகள் ஊர்வலமாக வரும். நகராட்சியும் திருச்சபையும் சேர்ந்துதான் அதைத் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ரோமிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வரும் திருப்பயணப் பாதையும் இப்போது உண்டு. 14ஆம் நூற்றாண்டில் சுவீடனின் பிரிஜித்தா ரோமிலிருந்து இங்கே வந்ததன் நினைவாக அது வகுக்கப்பட்டது.

1953-ல் ஒர்த்தோனா ஒரு காரியம் செய்தது. தன் பேழையிலிருந்து தோமாவின் கை எலும்பைக் கேரளத்துக்குக் கொடுத்தது. கர்தினால் தீஸரான் அதைக் கொண்டுவந்தார். தோமா முதலில் கரையிறங்கியதாக மலையாளக் கிறிஸ்தவர்கள் நம்பும் கொடுங்கல்லூர்ப் பக்கம், அழிக்கோட்டில் அது இன்று இருக்கிறது. வாளோடு போய் எடுத்த ஊர், கேட்டவருக்குத் தன் கையால் பகிர்ந்தது. கியோஸில் நடந்ததை அது நேர்செய்துவிடவில்லை. அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது. ஆனால் பிரிந்தாலும் குறையாது என்ற தியோதோரெட்டின் வாதத்தை மற்ற ஊர்கள் தங்கள் பங்கைப் பாதுகாக்கத்தான் பெரும்பாலும் பயன்படுத்தின. ஒர்த்தோனா அதை ஒருமுறையாவது கொடுப்பதற்குப் பயன்படுத்தியிருக்கிறது.